சும்மா எரியும் பாய்லர்

— சத்தமா பேசுடி! ஆவி போற இரைச்சல்ல நீ முணுமுணுத்தா என் காதுல விழுமா?

— அந்த வால்வை மூடுன்னு சொல்றேன்கா! இப்பவே மூடு.

— ஃபோர்மேன் சொன்னா மூடுறேன். நீ மாடியில ஏசிக் காத்துல உக்காந்து புகைக் கணக்கு எழுதுற ஆபீசர். பாய்லர்கிட்ட வந்தா எனக்குத் தங்கச்சி, அவ்வளவுதான்.

— சாயத்தொட்டி எல்லாம் காஞ்சு கிடக்கு. ஆர்டரே இல்ல. துணி இல்லாத மில்லுக்கு எதுக்குக்கா ஆவி? கரியை எரிச்சு கூரைக்கு மேல ஊதிவிட்டுட்டு இருக்க.

— எரின்னாங்க, எரிக்கிறேன். கரி என்ன, நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?

— ஏன் எரிக்கச் சொல்றாங்கன்னு தெரியுமா?

— என்னவோ புகைக்கு வரியாமே. சட்டம் வந்துடுச்சாமே.

— வரி அடுத்த வருஷத்துல இருந்து. ஆனா இந்த வருஷம் ஒரு கம்பெனி எவ்வளவு புகை விட்டுச்சோ, அதுல பாதி அளவுக்கு இனிமே வரி கிடையாது. அப்படி ஒரு சலுகையை உள்ள நுழைச்சுத்தான் சட்டத்தையே நிறைவேத்துனாங்க. அதான் நம்ம முதலாளி அள்ளி அள்ளி விடுறாரு. ஆட்டை எடை போடறதுக்கு முன்னாடி வயிறு முட்டத் தண்ணி காட்டுவானே வியாபாரி, அந்தக் கதை.

— கெட்டிக்கார மனுஷன்தான்.

— சிரிக்காதக்கா, பத்திக்கிட்டு வருது! அந்தக் கணக்குல நான் கையெழுத்து போடணுமாம்.

— போட்டுட்டுப் போயேன். பேனா தேஞ்சிடுமா?

— பச்சைப் பொய்க்கா! எல்லாம் சாயம் போட எரிச்ச கரின்னு எழுதி வெச்சிருக்காரு.

— ஏய், இங்க பாரு. நம்ம வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சவ நீ ஒருத்திதான். இந்த நெருப்பு முன்னாடி வெந்துதான் உன்னைப் படிக்க வெச்சேன். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு வீம்பா?

— சொல்லிக் காட்டாத. உனக்காகத்தான் ஓடி வந்திருக்கேன். அந்தச் சலுகை இந்த பாய்லருக்கு இல்ல, கம்பெனிக்கு. இந்த மில்லை இழுத்து மூடினாலும் அது அவர் கையிலயே இருக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டுறாரே புது மில்லு, அங்க தூக்கிட்டுப் போவாரு. அங்க கரி போட ஆள் வேணாம், எல்லாம் பட்டன். நீ அள்ளிப் போடுற ஒவ்வொரு கூடையும் உன் வேலைக்கே கொள்ளி வைக்குது.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— மூடப் போறது தெரியும். முதலாளியே கூப்பிட்டுச் சொன்னாரு. புது மில்லுல உங்க வீட்டுல ஒருத்தருக்கு வேலை உண்டுன்னாரு. உன் பேரைக் கொடுத்தேன்.

— அக்கா...

— என்னடி அக்கா, கிக்கா? இந்த முட்டி இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நான் எரிக்கிறேன், நீ கையெழுத்தைப் போடு. பொழப்பைப் பார்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? யாரைக் கேட்டு என்னை வித்த?

— கேட்டா குதிப்ப. இப்ப குதிக்கிற பாரு, இந்த மாதிரி.

— நான் எப்பவோ குதிச்சாச்சு. வரி ஆபீசுக்கு எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டேன், என் பேரோட. கேட்டுல ஒரு வெள்ளை வண்டி நிக்குதே, அவங்கதான்.

— அடிப்பாவி!

— பாய்லர் லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. வந்து பார்த்தாங்கன்னா முதலாளி கையை விரிச்சிடுவாரு, அந்தம்மா தானா திறந்துவிட்டுச்சுன்னு. மாட்டுறது நீ. அதுக்குத்தான் கத்துறேன். நகரு, நானே மூடுறேன்.

— இரு. அப்போ உன் வேலை?

— போச்சு.

— என்னுது?

— அதைத்தான் நீயே வித்துட்டியே.

— ம்... அங்க பாரு, ஃபோர்மேன் தலைதெறிக்க ஓடி வர்றான்.

— எதுக்கு?

— எதுக்கா? படிச்ச புள்ள, யோசி. வரி ஆபீசுக்காரங்க பார்க்குறதுக்கு முன்னாடி இதை மூடத்தான்.

— நகருக்கா, நேரமில்ல!

— கையை எடுடி. போய் கதவைத் தாழ் போடு. யார் திறக்கச் சொன்னாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அவங்க வந்து தட்டுற வரைக்கும் இது திறந்தே இருக்கட்டும்.