மலாக்கி டூஹியின் படகு இன்று இறங்கும்

மாலுமிகள் சங்கத் தலைவர் ஆண்டர்ஸ் லுண்ட் அவர்களே! பாதிரியார் ஹான்ராட்டி அவர்களே! முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும், மலாக்கி அண்ணனின் மனைவி டீலியா அக்கா! துறைமுக வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! கடைசி வரிசையில், தொப்பியில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள்பிடித் தரகர் கெட்ஜ் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். நீங்கள் வந்ததும் நல்லதாயிற்று. உங்கள் முகத்துக்கு நேராகவே பேசிவிடலாம்.

நான் மேடைப் பேச்சுக்காரி அல்ல. மலாக்கி டூஹி நடத்திய மாலுமி விடுதியின் சமையற்காரி, ஹானோரா. ஆனால் அவரைப் பற்றிப் பேச இந்த சான் பிரான்சிஸ்கோவில் என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

அயர்லாந்தின் கிளேர் கரையில் பிறந்து, பசிக்குத் தப்பிக் கப்பலேறிய அந்த மாலுமி இந்தத் துறையில் முதன்முதலாக இறங்கினாரே, அவருக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? கெட்ஜ் நீட்டிய ஒரு கோப்பை விஸ்கி! மயக்கம் தெளிந்து பார்த்தால் கரையையே காணோம். திமிங்கில வேட்டைக் கப்பலுக்கு அவரை விற்றிருந்தார்கள். பனிக்கடலில் வருஷக்கணக்கில் உழன்று, இரண்டு விரல்களைக் குளிருக்குப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் நேராக என் அடுப்படியில் நின்றார்.

“தங்கச்சி, உங்கிட்ட பெரிய சட்டி ஒண்ணு இருக்கா?”

“எதுக்கு? கெட்ஜ் மண்டையில போடவா?”

“சமைக்கத்தான். அவன் மண்டையை அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர்தான் மலாக்கி டூஹி! கப்பல் நங்கூரம் போடும் முன்பே, மாலுமிகளை வளைத்துப் போட, தரகர் படகுகள் சாராயப் பாட்டிலோடு பறக்கும். அண்ணன் படகோ, அவர்களை நம் விடுதிக்கு அழைத்துவர, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொதித்த சட்டியோடு போகும். முதல் நாள் கெட்ஜ் கத்தினார்: “டேய் அயர்லாந்துக்காரா, உன் கிழங்குக்கு எவன்டா வருவான்?” அண்ணன் சட்டியைத் தூக்கி முன்னால் வைத்தார். மூடியைத் திறந்தார். மாதக்கணக்கில் உப்புக்கறியும் புழுத்த ரொட்டியும் தின்ற பையன்கள் ஏணி வழியாகச் சரசரவென்று இறங்கினார்கள்! அண்ணன் திரும்பிப் பார்த்து, “நீயும் வாயேன் கெட்ஜு, உனக்கும் ஒரு தட்டு இருக்கு. பாட்டில மட்டும் அங்கயே வச்சிட்டு வா” என்றார். இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சட்டியில் சாப்பிட்டதால் விலை போகாமல் தப்பினீர்கள்? உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

போன வாரம், மூடுபனியில், ஒரு நீராவிப் படகு அவர் படகை இடித்தது. படகு கரை சேர்ந்தது. அவரை மறுநாள் அலைதான் கொண்டுவந்து போட்டது. தவறி விழுந்துவிட்டார் என்கிறார்கள். தவறியா? தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையையே புயலில் சுற்றி வந்த மனிதரா, விரிகுடாவில் தவறி விழுவார்? இடித்த படகு யாருடையது என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசைக்கும் தெரியும்.

நம் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் கடலுக்குக் கொடுத்த படகை மறுபடி நீரில் இறக்கக் கூடாது. அதனால்தான் நமக்கிருக்கும் அந்த ஒரே படகைத் துறையில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். கெட்ஜுக்கும் இது நன்றாகத் தெரியும். இன்று காலை லிவர்பூல் கப்பல் ஒன்று வந்து நிற்கிறதே, அவர் ஏன் அவசரப்படாமல் இங்கே உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிறார்? போட்டிக்கு இனிப் படகு வராது என்ற தைரியம்!

டீலியா அக்காவிடம் கேட்டேன். “கவுத்துப் போட்ட படகைப் பாத்து அழுறதுக்கா நான் அந்த மனுஷனைக் கட்டிக்கிட்டேன்? இறக்குடி!” என்றாள். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாளே அவர் மகள், அந்தப் பிள்ளை வளர்ந்து, என் தாத்தா செத்த பிறகு நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், வழக்கத்தைக் காப்பாற்றினோம் என்றா சொல்வீர்கள்? எனக்கும் பயம்தான். நானும் அந்த வழக்கம் உள்ள கரையில் பிறந்தவள்தான். ஆனால் அந்தப் படகு அவரைக் கொல்லவில்லை. கொன்றவர்களின் படகுகள் தினமும் கடலில் போய்க்கொண்டுதானே இருக்கின்றன?

சட்டி அடுப்பில் கொதிக்கிறது. எனக்குத் துடுப்புப் போட வராது. ஆனாலும் முதலில் ஏறுகிறவள் நான்தான்.

இப்போது தலைவர் எல்லோரையும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தச் சொல்வார். எழுந்திருங்கள். எழுந்தவர்கள் மறுபடி உட்காராதீர்கள். அப்படியே துறைக்கு நடங்கள்!