ஒப்பீட்டுப் பள்ளியின் தண்ணீர்

மரக்காணம் பக்கம் விசாரணைக்கு வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொண்டு வருவது நல்லது, மேடம். காலை ஒன்பது மணிக்கே உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூச வைத்துவிடும். மூன்று ஆண்டுகளாக வாரம் தவறாமல் வந்தவன் சொல்கிறேன். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நீடித்த வளர்ச்சிக்கான கல்வி பற்றி உலகம் முழுவதும் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது என் வேலை. உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். எனக்கோ கிரிக்கெட் பார்ப்பது மாதிரி. ஒரு காலத்தில் எல்லோரும் பிள்ளைகளிடம் 'இயற்கையை நேசிக்கிறாயா?' என்று கேட்டுவிட்டுக் கட்டுரை எழுதினார்கள். எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? பிறகு, பாடம் படித்த பிள்ளை வீட்டில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். நான் அலசிய கட்டுரைகளில் முக்கால்வாசி, கடைசிப் பத்தியில் ஒரே குறையைச் சொல்லி அழுதன: பாடம் நடத்திய பள்ளியையும் நடத்தாத பள்ளியையும் நீண்ட நாள் ஒப்பிட்ட ஆய்வு இல்லை. அழ ஆள் இருந்தது, செய்யத்தான் ஆள் இல்லை. நான் செய்தேன்.

உப்பளத்துக்கு வடக்கே ஒரு பள்ளி, தெற்கே ஒரு பள்ளி. இரண்டிலும் உப்பளக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டிலும் பழைய அடிபம்பு. தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரண்டிலுமே கழிவுநீர் கலந்திருக்கிறது, குடிக்கக் கூடாது என்று அறிக்கை வந்தது. இவ்வளவு அழகாக ஒத்துப்போகும் ஜோடி யாருக்குக் கிடைக்கும்? அன்று மதியம் பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடினேன்.

வடக்குப் பள்ளியில் பாடம் தொடங்கினேன். தண்ணீரைச் சோதிப்பது, கொதிக்க வைப்பது, மனு எழுதுவது எல்லாம். பிள்ளைகள் பிரமாதம். ஐந்தாம் வகுப்பு ஜான்சி, பஞ்சாயத்துத் தலைவரையே மடக்கி, "ஏங்க, இந்தத் தண்ணிய உங்க வூட்ல குடிப்பீங்களா?" என்று கேட்டாள். மூன்றே மாதத்தில் அந்தப் பம்பை மூடிவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தெற்குப் பள்ளியில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, அது ஒப்பீட்டுப் பள்ளி. அதன் அறிக்கையை என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பாடம் நடத்துவதாக எழுதியே கொடுத்திருந்தேன். வாரம் ஒருமுறை போய் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பேன். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று விடுப்புகள் கூடிக்கொண்டே போயின. வரைபடத்தில் இரண்டு பள்ளிகளின் கோடுகளும் பிரிந்து போவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊரில் டைபாய்டு வந்ததும் தெற்குப் பள்ளியின் தலைமையாசிரியை ஆரோக்கியசெல்வி கேன் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். என்னைப் பார்த்ததும், "சார், டெஸ்டுக்குத் தண்ணி எடுத்துனு போனீங்களே, என்னா ஆச்சு? ஒண்ணுமில்லன்னா சொல்லிடுங்க, கேன நிறுத்திடறேன். பசங்க குடிக்கலாமா?" என்றார்.

கேன் வந்தால் மூன்றாண்டு உழைப்பும் வீண். "நல்ல தண்ணிதாங்க," என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உடனே பம்பை அடித்து, ஒரு டம்ளர் பிடித்து, பிள்ளைகள் எதிரிலேயே குடித்துக் காட்டினேன். வெளிநாட்டு மாநாட்டுக்காக டைபாய்டு தடுப்பூசி போட்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு ஷமா கை தட்டினாள். அவளுக்கும் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் முற்றிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டதாம். துக்கம் கேட்கப் போனேன். அவளுடைய அத்தா பக்கீர் முஹம்மது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களுந்தான சார் அதே தண்ணிய குடிச்சீங்க. தண்ணி மேல பழி போடக் கூடாது. அல்லாவோட நாட்டம்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார். தங்கமான மனிதர்.

தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்தேதான். கட்டுரை அடுத்த மாதம் வெளிவருகிறது. பாடம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. ஒரு தவறு செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுப் பள்ளியில் ஆய்வாளர் எதிலும் தலையிடக் கூடாது. அந்த டம்ளரை நான் கொடுத்திருக்கக் கூடாது. அவளாகவே பிடித்துக் குடிக்க விட்டிருக்க வேண்டும்.