சீன மருத்துவப் பிரிவின் அம்மையாருக்குப் பிந்தி வந்தோர் எழுதிய மடல்

ஊசிமுனையில் உறுதியும் உரையில் உண்மையும் உடையவரே! நாடி தொட்டு நலிவறிந்த நல்லவரே! சோதனைத் தாள்கள் யாவும் சுத்தம் என்ற பின்னும் சோர்ந்து நின்றோரைச் சலியாது கேட்ட செவிச்செல்வமே! வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகள், இம்மருத்துவமனை மாடிப்படியின் கீழ் ஒரு கட்டிலும் ஒரு திரையுமாக இருந்த அறையில், காரணம் பிடிபடாத வலியோடு பொது மருத்துவப் பிரிவினரான எங்களிடம் அலைந்து அலுத்தவர்களைத் தாங்கள் உட்காரவைத்துக் கேட்டீர்கள். தூக்கம், வியர்வை, பசி எல்லாம் விசாரித்தீர்கள். "தீரும்னு சொல்லமாட்டேன், குறையுதான்னு பார்ப்போம்" என்பதற்கு மேல் வாக்களித்ததில்லை. எங்கள் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று மருந்தகத்தைக் கேட்காமல் ஒரு மூலிகையும் எழுதியதில்லை. நாங்களோ "குண்டூசி டாக்டர்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் பட்டங்களை அடுக்கும்போது அதையும் சொல்வதே முறை.

பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரை முதுகுவலிக்காகத் தங்களிடம் தள்ளிவிட்டோம். நான்கு அக்குபங்சர் அமர்வுக்குப் பின், "இது என் ஊசிக்கு அடங்குற வலி இல்ல, மறுபடி ஸ்கேன் பண்ணுங்க" என்று சீட்டு அனுப்பினீர்கள். "குண்டூசிக்கு எக்ஸ்ரே கண்ணும் வந்துடுச்சா?" என்று கேலி பேசினோம். மூன்றாம் சீட்டுக்குப் பிறகே ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். தண்டுவடத்தில் கட்டி; தங்கள் முதல் சீட்டு வந்து ஏழு வாரம் கடந்திருந்தது. உயிர் தப்பியது, இடக்காலுக்கு அசைவு திரும்பவில்லை. அவர் இனிப் பேருந்து ஓட்ட மாட்டார். அந்தக் குற்றம் எங்களுடையது.

அன்று எங்கள் அறைக்கு வந்த தாங்கள் ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை எங்கூட வந்து உட்காருங்க, சேர்ந்தே பார்ப்போம்" என்றீர்கள். வந்தோம். சிலருக்கு வலி பாதியானது, சிலருக்கு உறக்கம் வந்தது, சிலருக்கு எதுவும் மாறவில்லை. ஆயினும் எவரும் பொய்க்காரர் என்ற பெயரோடு வீடு திரும்பவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் நாம் சேர்ந்து பார்த்தது பதினான்கு மாதமே. நினைத்தால் நெஞ்சு அறுக்கிறது, அம்மா!

தங்களுக்குப் பின் ஆள் வேண்டுமென்ற எங்கள் மனு போன வாரம்தான் மேலே போனது. அதிலும் பிந்திவிட்டோம்.

நீடுழைத்த கைகள் நிம்மதி காண்க! நோயின்றி, நோவின்றி, நிறைவாழ்வு வாழ்க! வருகிற வியாழனுக்குப் பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

தங்களை வணங்கி நிற்கும்
பொது மருத்துவப் பிரிவினர், செவிலியர், மருந்தகத்தார்