குறை சொல்வதை விட்டேன்

எனக்கு டீயில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த டீயில் அதிகம். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டேன். போன வருடமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

என் பெயர் நல்லமுத்து. சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை, மற்றவர்கள் செய்ததில் என்ன தப்பு என்று பார்த்துச் சொல்வது. அச்சில் மண் நிரம்பவில்லை, விளிம்பில் கீறல் இருக்கிறது, தட்டைத் தள்ளி வை, கதவைச் சரியாக மூடு. நாள் முழுக்க அதே வாய். வீட்டுக்குப் போனால் குழம்பில் உப்பைப் பற்றியும் அதே வாய். என் குரலைக் கேட்டு எனக்கே சலித்துப்போயிருந்தது, ஐயா.

பொங்கலுக்கு முன்னால் வேலை செய்கிற பெண்கள் சேர்ந்துபோய் முதலாளி திருமாலிடம் முறையிட்டார்கள். "இந்த ஆளு வாயத் தாங்க முடியலைங்க, நிம்மதியா ஒரு வேல செய்ய வுட மாட்டேங்கறாரு" என்று முன்னால் நின்று சொன்னது வாசுகி. சூளை பற்றவைக்கிற பிரவீன்குமார் என்னைப் போலவே பேசிக்காட்டினானாம். எல்லோரும் சிரித்தார்களாம், முதலாளி உட்பட. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு புத்தகம் கொடுத்தார். மனிதன் தன் குணத்தைத் தானே எப்படிக் கட்டிக்கொள்வது என்று நிதானமாக யோசித்து எழுதிய புத்தகம். பத்தாவதோடு நின்றவன் நான். மதியம் சாப்பிட்டுவிட்டு, அச்சு காயவைக்கிற இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அருமையான புத்தகம். அடுத்தவர் குறை கண்ணில் பட்டு நாக்கு துறுதுறுக்கும்போது வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைக் கடந்துவிடு, அடுத்த முறை சுலபமாக இருக்கும் என்று அதில் இருந்தது. செய்து பார்த்தேன். உண்மைதான். கோணலாக அடுக்கிய சரக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். சரிந்து உடைந்தது. முதலாளி வேறு யாரையோ திட்டினார். வீட்டில் என் மனைவி சொர்ணாம்பாள், "உடம்புக்கு எதுனா பண்ணுதா?" என்று கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வெகு காலம் கழித்து அப்போதுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் நான்தான் முதலில் போய்க் கொட்டகையைத் திறந்தேன். முந்தின நாளே சரக்கு ஏற்றிக் கதவடைத்த சூளை, பற்றவைக்கத் தயாராக நின்றது. பின்பக்கம் கேஸ் வால்வு இருக்கிறது. அதன் கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அது சாய்ந்திருந்தது. பிரவீன்குமார் சாயங்காலம் பர்னரைச் சோதித்துவிட்டு, பெண்ணாடம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் முழுக்கத் திருப்பாமல் போயிருக்கிறான். குனிந்து பார்த்தேன், வாசனை வந்தது. ராத்திரியெல்லாம் சூளைக்குள் கேஸ் இறங்கியிருக்கிறது என்று புரிந்தது.

கைப்பிடி எட்டுகிற தூரம்தான். திருப்பியிருக்கலாமே என்கிறீர்கள். திருப்பினால் மட்டும் போதாது, நெருப்பைக் கிட்டே கொண்டுவராதீர்கள், காற்றாட விடுங்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். பிரவீன்குமாரின் தப்பைச் சொல்ல வேண்டும். மறுபடியும் பழைய நல்லமுத்து ஆகிவிடுவேன். நாக்கு துறுதுறுத்தது. அந்த நிமிடத்தைக் கடந்தேன்.

வெள்ளிக்கிழமையில் பற்றவைத்தால் எங்கள் கம்பெனியில் கதவைத் திறந்து, சூளை வாயில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். காட்டுவது வாசுகி. தட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னண்ணே, எதுனா சொல்லணுமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பத்த வைக்கப் போறோம்."

"ஒண்ணும் இல்லம்மா. பத்த வைங்க."

"பாத்தியாடா பிரவீனு, அண்ணன் தங்கமா மாறிட்டாங்க."

கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. அங்கேயே நின்றால் மனசு இளகி வாயைத் திறந்துவிடுவேன் என்று, ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனேன்.

டீ ஆறுவதற்குள் சத்தம் கேட்டது. கடைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. எல்லோரும் ஓடினார்கள். நான் காசை வைத்துவிட்டு நடந்து போனேன். வாசுகி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பிரவீன்குமார் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்றால் வாயை மூடுவது அடக்கம் ஆகாது என்று அதே புத்தகத்தில் இருக்கிறதே என்று கேட்டீர்கள். இருக்கிறது. அதையும் படித்தேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தெரிந்துதான் விட்டேன். கேஸ் இருப்பதும் தெரியும், கற்பூரம் வருவதும் தெரியும். ஆனால் அவர்கள் மேல் கோபமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்கு மட்டும் இல்லை என்று எழுதுங்கள். கோபம் இருந்திருந்தால் வழக்கம்போல் கத்தியிருப்பேன், அவர்களும் பிழைத்திருப்பார்கள்.