இசக்கி மூச்சு விட்ட நாள்

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிக்கிறேனே... பெருசா ஒண்ணும் இல்ல. நீங்க கையில வச்சிருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

கடையநல்லூர் பக்கம் ஒரு ஊரு. அங்க இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை. கபடி ஆடுறவ. சும்மா இல்லங்க... பாடிப் போனான்னா ரெண்டு பேரைத் தொடாம கோட்டுக்குத் திரும்ப மாட்டா. கபடி உங்களுக்குத் தெரியும். "கபடி கபடி"ன்னு ஒரே மூச்சுல பாடணும். நடுவுல மூச்சு விட்டா? அவுட்டு.

ஒருநாள் ஆட்டத்துல நாலு பேரு சேர்ந்து அமுக்குனதுல தலை தரையில மோதிருச்சு. மூளைக்குள்ள ரத்தக் கசிவு. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி. மூணு மாசம் வீடு.

அப்புறம் டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி சொல்லிக் குடுக்குற ஜெமிலா மேடம் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் மெதுவா நடம்மா. தலை வலிக்கலன்னா அடுத்த வாரம் ரெண்டு நிமிஷம் கூட்டு. வலிச்சா நிறுத்து, மறுநாள் குறைச்சு நட. வலி விடலன்னா உடனே இங்க வா"ன்னாங்க.

இசக்கி நடந்தா. ஏழாவது நிமிஷம்... தலை விண்ணுனு தெறிக்குது. மறுநாள் அஞ்சு நிமிஷம்னு குறைச்சா. நாலாவது நிமிஷமே தெறிக்குது. மேடம்கிட்ட ஓடுனா. எல்லாம் பார்த்தாங்க. நல்லாத்தான் இருக்கு.

"மெதுவாத்தான நடக்க?"

"ஆமா மேடம்."

"தண்ணி குடிக்கியா?"

"குடிக்கேன் மேடம்."

"வெயில்ல போகலியே?"

"இல்ல மேடம்."

எல்லாம் சரி. ஆனா வலி மட்டும் போகல. மூணு வாரம் இப்படியே போச்சு. பத்தொம்பது வயசுப் பிள்ளைக்கு நாலு நிமிஷம் நடக்க முடியலன்னா மனசு என்ன ஆகும்? அவ முடிவு பண்ணிட்டா. கூட ஆடுற பேச்சித்தாய்க்கு போன் போட்டா. "ஏளா, என் ஏழாம் நம்பர் பனியனை வந்து எடுத்துட்டுப் போ. இனி நீ போட்டுக்க."

பேச்சி வந்தா. பனியனைக் கையில வாங்கல. "முதல்ல வா, அந்தக் கால்வாய் வரைக்கும் நடப்போம்"னு இழுத்துட்டுப் போனா.

வழியெல்லாம் பேச்சி பேசுறா. கோச்சைத் திட்டுறா, அவ அண்ணன் கல்யாணத்தைச் சொல்றா. இசக்கிகிட்ட இருந்து ஒரு "உம்" கூட இல்ல.

"ஏளா, நான் என்ன செவுத்துகிட்டயா பேசுதேன்?"

திரும்பி மூஞ்சியைப் பார்த்தா... உதடு மட்டும் அசையுது. காதைக் கிட்டக் கொண்டு போய் வச்சா...

கபடி... கபடி... கபடி... கபடி...

ஒரு கரண்டு கம்பத்துல இருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஒரே மூச்சு! ஒன்பது வயசுல இருந்து வந்த பழக்கங்க. காலு முன்னால போனா மூச்சு தானா அடைச்சுக்கும். அவளுக்கே தெரியல!

பேச்சி நடுரோட்டுல நின்னு கத்துனா. "அடி கூறுகெட்டவளே! மூச்ச விடுளா! இங்க எவ உன்னைப் பிடிக்க வாறா?"

இசக்கி முழிக்கிறா. "மூச்சு விட்டா..."

"அவுட்டா? எந்த அம்பயரு இருக்கான் இங்க? அந்தா போஸ்டரைத் தின்னுக்கிட்டு நிக்கே, அந்தக் கழுதையா?"

இசக்கிக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா மூச்சு விட்டுத்தானே ஆகணும்? விட்டா... அன்னைக்கு ஏழு நிமிஷம் நடந்தா. தலை வலிக்கல.

ஜெமிலா மேடம் கேட்டுட்டு, "எல்லாம் கேட்டேன், இதைக் கேக்காம விட்டுட்டேனே"ன்னு தலையில கை வச்சுக்கிட்டாங்க. "மூச்சை அடக்குனா தலைக்குள்ள அழுத்தம் ஏறும். இனிமே பேசிக்கிட்டே நட. பேச்சு நின்னா காலும் நிக்கணும்"னாங்க.

அதுக்கப்புறம் ஒரே ஏத்தமா? இல்லங்க. பத்து, பன்னெண்டு, பதினாறுன்னு போனா. கால்வாய் மேட்டுல ஏறுன அன்னைக்கு மறுபடி வலிச்சுது. பன்னெண்டு நிமிஷத்துக்குக் குறைச்சா, அழாம குறைச்சா. இப்ப மைதானத்தைச் சுத்தி ஓடுறா. மத்தவங்களோட மோதி ஆட டாக்டர் இன்னும் சம்மதிக்கல. அந்தப் பனியன் அவ வீட்டுக் கொடியிலதான் காயுது. பேச்சி வாங்கவே இல்ல.

இதை ஏன் சொல்றேன்? இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேரு அடிபட்டு எந்திரிச்சவங்க. மீதிப் பேரு அவங்களை எந்திரிக்க வச்சவங்க. நீங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க. "பழைய மாதிரி எப்போ? அடுத்த மாசமா? தீபாவளிக்குள்ளயா?"... உங்களை யாரு துரத்துறா? ரெண்டு நிமிஷம் குறைச்சா யாரு விசில் ஊதப் போறா? பழைய ஆட்டத்தோட சட்டம் பழைய ஆட்டத்துக்குத்தான். உடம்பு தேறுறது வேற ஆட்டம். இதுல மூச்சு விட்டவங்கதான் அடுத்த அடி வைப்பாங்க. தனியா நடக்காதீங்க, பேச ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டு நடங்க.

எங்கே... எல்லாரும் ஒரு தடவை மூச்சை விடுங்க பார்ப்போம்.

...

பாத்தீங்களா? யாரும் அவுட் இல்ல.