பால் வத்த மல்லிப்பூ

— குடுக்கா அவனை. நான் வீட்டுக்குள்ள கால் வெச்சதிலேர்ந்து உன் இடுப்புலயேதான் இருக்கான்.

— நானா புடிச்சு வெச்சுக்கினு கீறேன்? இந்தா, வாங்கிக்கோ. தொர, யாரு வந்துகீறாங்க பாரு. அம்மாடா. ஜப்பான்லேர்ந்து ஏரோப்ளேன்ல வந்துகீறா உங்கம்மா.

— வா கண்ணு... கௌதமா, வாடா செல்லம்... ஐயோ, ஏன்க்கா இப்படி அலர்றான்?

— புது மொகம்னு பயப்படறான்.

— பெத்தவ மொகம் புது மொகமா?

— ரெண்டு மாசம்டி சரளா. பச்சப் புள்ளைக்கு அது எம்மாந் தூரம்! உன் மேல வேற இன்னாவோ சோப்பு வாசன. இங்க குடு, கத்திக் கத்தி மூச்சு முட்டுது அவனுக்கு. தோ... தோ... ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல...

— உன் தோள்ல போட்டதும் நிறுத்திட்டான் பார்த்தியா.

— பழக்கம்தானே. ஸ்வல்ப பொறு. ராவைக்குள்ள உன்னாண்ட ஒட்டிக்குவான்.

— ஒட்டிக்குவானா? எனக்குப் பொறந்தவன் எங்கிட்ட வந்து ஒட்டிக்கணுமா? நீ பேசறதைக் கேட்டா நான் என்னவோ விருந்தாளி மாதிரி இருக்கு.

— யம்மா தாயே, ஆரம்பிக்காத. வந்ததும் வராததுமா சண்டையா? அந்தப் பொட்டியத் தொற. உன் கொழுந்தனார் வூட்டுக்காரிக்கு இன்னா வாங்கியாந்தேன்னு காமி.

— எனக்கு ஏதுக்கா கொழுந்தனார்? உன் வீட்டுக்காரர் எனக்கு மூத்தார். இந்த வீட்டுல நீ பெரிய மருமக, நான் சின்ன மருமக.

— தமாசுக்குச் சொன்னேன்டி. முன்னெல்லாம் சிரிப்பே.

— இந்தா. நைலான் புடவை. உனக்குத்தான். தண்ணியில நனைச்சு எடுத்தா அப்படியே காஞ்சிடும், இஸ்திரிப் பெட்டி போட வேணாம்.

— அய்ய, பளபளன்னு கீது! இதக் கட்டிக்கினு நான் எங்கடி போறது? மர்பி டவுன் மார்க்கெட்டுக்கா? கோலார்ல எங்கம்மா பார்த்தா, தொரசானி ஆயிட்டியான்னு கேக்கும்.

— கட்டிக்கோ. ஆனா அதைக் கட்டிக்கிட்டு அவனைத் தூக்காதே. வழுக்கும்.

— நான் தூக்கினா வழுக்காது. நீ அதப் பத்தி ரோசன பண்ணாத.

— ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. நான் போனதுல உனக்கு சந்தோஷமா, வருத்தமா?

— இன்னா கேள்வி இது?

— சொல்லேன்.

— நேராவே சொல்றேன். வயிறு எரிஞ்சுது. கல்யாணமாகி நீ இந்த வூட்டுக்கு வந்த வருசம், ரெண்டு பேரும்தானே வாட்ச் ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு போனோம்? ஆளுக்கு ஒரு இரும்புத் துண்டு குடுத்து, கையில மூடி வெச்சுக்கச் சொன்னாங்க. மறுநாள் உன்னுது கண்ணாடி மாதிரி இருந்துச்சு. என்னுது துரு புடிச்சுக் கெடந்துச்சு.

— உனக்கு கை வேர்க்குது. அதுக்கு யார் என்ன பண்றது? எங்க பார்ட்ஸ்ல அந்த வேர்வை பட்டா வாட்ச்சே போச்சு.

— அதத்தான் அவங்களும் சொன்னாங்க. ஈரக்கைக்காரி வேணாம்னு அனுப்பிட்டாங்க. உனக்கு வேல. உனக்குப் புள்ள. அப்புறம் உனக்கு ஜப்பான். எனக்குக் கேண்டீன்ல எச்சி கிளாசு கழுவற வேல, அதுவும் நீ புள்ள பெத்ததும் பார்த்துக்க ஆளில்லன்னு விட்டாச்சு. எரியாம இன்னா பண்ணும்? நானும் மனுசிதானே.

— இப்பவும் எரியுதா?

— இப்ப இல்ல.

— ஏன் இப்ப இல்ல?

— தெரியல. அடங்கிப் போச்சு. நீ சொல்லு, அங்க ட்ரெய்னிங்ல இன்னா பண்ணே? வேல கஷ்டமா?

— கஷ்டமில்ல. கண்ணுல லென்ஸை வெச்சுக்கிட்டு, தலைமுடியை விடச் சன்னமா ஒரு ஸ்பிரிங், அதை இடுக்கியால எடுத்து உக்கார வெக்கணும். மூச்சு விட்டா பறந்துடும். ஒரு நாள் சூபர்வைசரம்மா என் விரலைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. சரளா-சான், நல்ல கைன்னாங்க. மத்த பொண்ணுங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாங்க.

— சானா?

— அங்க மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவாங்க. இங்க என்னை யாரு மரியாதையா கூப்பிட்டிருக்காங்க? ஏய் சரளா, அரிசி ஊற வெச்சியா. ஏய் சரளா, குழந்தை அழுவுது.

— அங்க புள்ள நெனப்பு வரலியா?

— வராம? மார்ல பால் கட்டிக்கிட்டு கல்லா போச்சுக்கா. ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு, மேல கோட்டைப் போட்டு மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். ராத்திரி வாஷ்பேசின்ல பீச்சி விடுவேன். பக்கத்து ரூம்காரிக்குக் கேக்கக்கூடாதுன்னு குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கம்மியாச்சு. ஒரு நாள் பீச்சினா ஒண்ணும் வரல.

— அடிப்பாவி...

— அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்.

— தூங்கினியா?

— பெட்டு, கம்பளி, ஜன்னலுக்கு வெளிய பனி. யாரும் எழுப்பல. விடியற வரைக்கும் தூங்கினேன். அதுக்காக என்னை அப்படிப் பார்க்காதே.

— நான் ஒண்ணும் பார்க்கல. தோ, தொர சிணுங்கறான். பசி வந்துடுச்சு.

— இன்னிக்கு நான் குடுக்கறேன். டின் பால் எங்க வெச்சிருக்கே? வெந்நீர் இருக்கா?

— நீ பிரயாணம் பண்ணி வந்த களைப்புல கீறே. குந்து. நான் பார்த்துக்கறேன்.

— என்னால ஒரு பாட்டில் பால் கரைக்க முடியாதா? தள்ளு, அலமாரியில பார்க்கறேன்... என்னக்கா இது? நான் வாங்கி வெச்சுட்டுப் போன டப்பாவெல்லாம் அப்படியே இருக்கு! ஒண்ணுதான் தொறந்திருக்கு. அதுவும் கட்டி புடிச்சுப் போச்சு.

— அது ஒத்துக்கல அவனுக்கு. பேதி ஆச்சு.

— அப்ப என்ன குடுத்தே?

— பசும்பால். ராகி கஞ்சி. அப்பிடி இப்பிடி.

— பசும்பால் யாருகிட்ட?

— கோவிந்தப்பாவாண்டதான். வேற யாரு?

— கோவிந்தப்பாவை இப்பதான் தெருமுனையில பார்த்தேன். வண்டியிலேர்ந்து எறங்கறப்போ நின்னு பேசினாரு. உங்க வீட்டுல குழந்தைப் பால் வேணாம்னு சொல்லி ஒரு மாசமாச்சே, குழந்தை சௌக்கியமான்னு கேட்டாரு. காதுல சரியா வாங்கிக்காம தலையாட்டிட்டு வந்துட்டேன்.

— அந்தாளுக்கு வாய் சும்மா இருக்காது.

— அக்கா. ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. ஒரு மாசமா என் புள்ள என்ன குடிக்கறான்? ஒன்பது மாசப் புள்ள கன்னம் ரெண்டும் இப்படி உப்பியிருக்கு. வெறும் ராகிக் கஞ்சியா?

— சரளா, கதவச் சாத்து.

— எதுக்கு?

— சாத்துடி, சொல்றேன். நீ போன அன்னியிலேர்ந்து அவன் பாட்டிலத் தொடல. ஸ்பூன்ல ஊத்தினா துப்பினான். ராவெல்லாம் கத்தல். உன் வூட்டுக்காரரு தூக்கிக்கினு தெருவுல நடந்தாரு, எங்க வூட்டுக்காரரு நடந்தாரு. புள்ள தொண்டை கட்டிப் போச்சு. எனக்கு மனசு தாங்கல. சும்மா வாயில வெச்சா அழுகைய நிறுத்துவான்னு... வெச்சேன்.

— வெச்சேன்னா? எதை வெச்சே?

— வெறும் மாரைத்தான். ஒண்ணுமில்லாத மாரு. சப்பிக்கினே தூங்கிட்டான். அப்புறம் தெனமும் அதான். ஸ்பூன்ல கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் பசும்பாலு, அப்பால தூங்கறதுக்கு என் மாரு. ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில துணி தோய்க்கறேன், ஜாக்கெட்டு ஈரமா கீது. தண்ணி தெறிச்சுதுன்னு நெனச்சேன். தண்ணி இல்லடி.

— பொய் சொல்றே.

— டிஸ்பென்சரி நர்சம்மாவாண்ட போய்க் காட்டினேன். ஒரு தபா புள்ள பெத்தவளுக்கு அப்பிடி ஊறும், பயப்படாதன்னு சொன்னாங்க. எங்க கோலார் தங்கச் சொரங்கத்து லைன் வூடுங்கள்ல ஒருத்திக்குப் பால் இல்லேன்னா அடுத்த வூட்டுக்காரி குடுப்பா. யாரு புள்ள, இன்னா சாதின்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதான் நானும்...

— இது கோலார் லைன் இல்ல! என் வீடு! அவருக்குத் தெரியுமா இது?

— உன் வூட்டுக்காரருக்குத் தெரியாது. உனக்கு லெட்டர் எழுதறது அவருதானே? கொழுந்தனாண்ட போயி இத எந்த வாயால சொல்லி எழுதச் சொல்றது?

— நான் அங்க வாஷ்பேசின்ல கொட்டினேன். நீ இங்க ஊட்டியிருக்கே. எனக்கு வத்திப் போச்சு, உனக்கு ஊறிடுச்சு! என்ன நியாயம்க்கா இது? வேலை உனக்குன்னு சொன்னியே, ஜப்பான் உனக்குன்னு சொன்னியே. எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ! உன் கையில துரு வர்றதுன்னா சொல்லு, நான் என் கையை வெட்டித் தரேன்!

— கத்தாதடி. புள்ள பயப்படுது.

— என் புள்ள! என் புள்ள பயப்படட்டும்! பத்து நாள்ல எல்லாரும் என்ன பேசுவாங்க தெரியுமா? இவ காசுக்கு வெளிநாடு போனா, புள்ளைக்கு அடுத்தவ மாரு குடுத்தான்னுவாங்க. அவன் பெரியவனா ஆனா யாரை அம்மான்னு கூப்பிடுவான்? சொல்லு!

— உன்னத்தான் கூப்பிடுவான். நான் சொல்லிக் குடுப்பேன்.

— நீ சொல்லிக் குடுக்க வேணாம். இன்னியோட நிறுத்து.

— எப்பிடி நிறுத்தறது? அது கொழாயா, மூடறதுக்கு?

— மல்லிப்பூ வாங்கு. மார்ல வெச்சு இறுக்கிக் கட்டு, பால் வத்திடும். உனக்குத் தெரியாதா என்ன?

— எனக்கா தெரியாது? எனக்குத்தான் தெரியும். நாலு வருசம் முன்னாடி எங்கம்மா கூடை கூடையா வாங்கியாந்து கட்டுச்சு. அன்னிலேர்ந்து தலையில மல்லி வெச்சு என்னப் பார்த்துகீறியா நீ? அந்த வாசன வந்தா எனக்கு மண்ணு வாசன சேர்ந்து வரும். ஆனா அப்ப ஒரு சவுகரியம் இருந்துச்சு சரளா. குடிக்கறதுக்குப் புள்ள இல்ல. மண்ணுக்குள்ள போயிட்டான். இப்ப அடுத்த ரூம்ல அழுவானே, அத எந்தக் காதால கேக்கறது?

— கேக்காத தூரத்துக்குப் போயேன்.

— போறேன். நானும் அதத்தான் நெனச்சேன். நீ வர்றன்னு தந்தி வந்தன்னிக்கே எங்க வூட்டுக்காரராண்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில கோலார் ரயில்ல ஏத்திவுடுன்னு. பொங்கல் வரைக்கும் எங்கம்மா வூட்டுல கீறேன். அதுக்குள்ள அவன் உன்னாண்ட பழகிடுவான். கொஞ்ச நாளு கத்துவான். கத்தட்டும். நீ விட்டுக் குடுக்காத, கூடவே படுத்துக்கோ.

— துணியெல்லாம் கட்டிட்டியா?

— கட்டில் அடியில கீது பாரு, பை. பொய்யா சொல்றேன்?

— அக்கா...

— இரு, சத்தம் கேக்குது. பூக்காரம்மா வராங்க. ஏம்மா, பூவு! ஹூவு! இல்லி பா, இங்க வா! சரளா, அவனப் புடி. அழுதா அழுவட்டும், புடி. எரடு மொழ பேடம்மா, ஜாஸ்தி பேக்கு. ரெண்டு மொழம் பத்தாது. இருக்கறதெல்லாம் அளந்து குடு.

— அக்கா, வேணாம்.

— நீதானே சொன்னே? நீ சொன்னது தப்பில்லடி. பெத்தவளுக்கு வயிறு எரியத்தான் எரியும். எனக்கு எரியலியா அப்ப? விடு. இந்தாம்மா, கூடைய இங்கயே எறக்கு.

— வேணாம்னு சொல்றேன்ல! பூவைத் திருப்பிக் குடு. அந்தம்மாவைப் போகச் சொல்லு. நீயும் போகாதே.

— இன்னாடி இது? இந்த நிமிசம் போங்கறே, மறு நிமிசம் போவாதங்கறே!

— ஜனவரில ஜப்பானுக்கு இன்னொரு பேட்ச் அனுப்பறாங்க. இந்தத் தடவை ஒரு வருஷம். என் பேரு அதுல இருக்கு.

— ஒரு வருசமா? அடப் பாவிங்களா! கைப்புள்ளக்காரின்னு தெரியாதா அவங்களுக்கு? நீ அழாத. நான் எங்க வூட்டுக்காரர அனுப்பி அந்த ஆபீசராண்ட பேசச் சொல்றேன். இவள விட்டா வேற ஆளே இல்லியா உங்களுக்குன்னு கேக்கச் சொல்றேன். யாருடி உன் பேர எழுதினது?

— யாரும் எழுதலக்கா. நானேதான் கேட்டேன்.