ஒரு சமக்குறி குறைவு

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்டர்நெட் சென்டரில் மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்பே போய்விட வேண்டும், ஐயா. தொண்ணூற்றெட்டில் ஏழு மாதம் நான் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. அங்கே உட்கார்ந்துதான் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டேன்.

மூக்கண்டப்பள்ளியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் எங்களுக்கு வேலை. நான் மெயின்டனன்ஸ். என் மனைவி சாந்தம்மா அங்கேயே மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் தகடு வைத்து மிதியை மிதிப்பவள். கை உள்ளே இருக்கும்போது தவறி மிதித்தாலும் பிரஸ் இறங்காமலிருக்க ஒரு விளக்கு உண்டு. கை அதன் ஒளியை மறைத்தால் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, உற்பத்தி கெடுகிறது என்று சூப்பர்வைசர் நாராயணப்பன் அதன் ஒயரைக் கழற்றிவைத்தார். அடுத்த வாரம் சாந்தம்மாவின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. தொழிலாளியின் கவனக்குறைவு என்று அவரே அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு பிரஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விளக்கைக் கவனிப்பது அதன் வேலையாயிற்று. பெங்களூரிலிருந்து வந்து பொருத்தியவர்கள் 'சி'யில் எழுதிய புரோகிராமின் பிரதியை ஆபீஸில் விட்டுப் போனார்கள். கற்க ஆரம்பித்தபோது என் மனதில் ஒன்றுமில்லை என்றால் அது பொய். பத்தாவது படித்தவன், புத்தகம் மண்டையில் ஏறவில்லை. சென்டர்காரர்தான் புதிதாகக் கற்பவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். முகம் தெரியாதவர்கள் என் தப்புகளைப் பொறுமையாகத் திருத்தினார்கள். கிருஷ்ணகிரிப் பெண் வஜிஹா, பெங்களூரில் படிக்கிறவள், எனக்காக ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவாள்.

"அண்ணா, ஒரு சமக்குறி போட்டா அந்த மதிப்பை உள்ள வெச்சுடும். ரெண்டு போட்டாத்தான் சமமான்னு பாக்கும். நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க, அதான் எப்பவும் சரின்னே எடுத்துக்குது. புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் செய்யற தப்புதான், வெக்கப்படாதீங்க."

நல்ல பெண். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

டிசம்பர் ஏழு, திங்கட்கிழமை, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் புரோகிராமில் ஒரு சமக்குறியை எடுத்தேன். விளக்கொளியின் வழி காலியா என்று கேட்க வேண்டிய வரி, அதன் பிறகு காலி என்று தானே முடிவு செய்துகொண்டது. தகட்டை வெட்டும் புது அச்சு மாட்டினால் நாராயணப்பன் தன் கையை வைத்துத்தான் விளக்கைச் சோதிப்பார். அடுத்த அச்சு வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை மாரம்மாவின் கால் தவறி மிதியில் பட்டது. சாந்தம்மாவுக்குப் பிறகு அந்த பிரஸ்ஸில் நிற்பவள், தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

"தீர்த்தகிரி, மிசின்ல ஏதாச்சும் கோளாறு இருக்கா, நல்லாப் பாருப்பா" என்றார் நாராயணப்பன். இந்த முறை அவர் எதையும் கழற்றியிருக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

பார்த்தேன். இயந்திரம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றே அந்தக் குறியைத் திரும்பச் சேர்த்திருக்கலாம். இன்னும் இரண்டு நாள்தானே என்று விட்டேன்.

புதன்கிழமை பெண்கள் யாரும் அந்த பிரஸ் பக்கம் போகவில்லை.

"தீர்த்தகிரி பாத்துக் கையெழுத்தே போட்டிருக்கான். எதுக்கும்மா பயம்? கை வெச்சா நின்னுக்கும், பாருங்க" என்று நாராயணப்பன் இரண்டு கைகளையும் உள்ளே வைத்து மிதித்தார். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். மிதிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். கைகள் மணிக்கட்டுவரை போயின.

வீட்டுக்குப் போய் சாந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மாரம்மா உங்கள என்னா பண்ணுனா?" என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு புடவைகளை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினாள். மாரம்மாவுக்குத் தலை வாரிவிட, சோறு ஊட்ட ஆள் வேண்டுமாம். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் அவள்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள். எல்லாம் அவளுக்காகச் செய்ததுதானே, ஐயா.